நாலு கீறல்

"அந்த டிப்போ இன்ஸ்பெக்டர் நல்லா இருப்பானா அண்ணா? இருபது வருஷமா பஸ் ஓட்டின மனுஷனை ஒரே காகிதத்துல வீட்டுல உட்கார வச்சுட்டான். டெஸ்ட்டு, ஸ்கேன்னு அலைய வேற விட்டுட்டான்."

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டிரைவரின் மனைவி பொருமினாள். அவள் 'அண்ணா' என்றது பெயின்டரை. டிப்போவில் பஸ்களுக்கு வண்ணம் பூசுகிறவர். டிரைவருக்கு உயிர் நண்பர்.

"விடும்மா. குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் அவன் பொழைப்பு."

"நீங்களும்தான் அங்க வேலை பாக்குறீங்க. வண்டியில கீறல் விழுந்தா, அவன் கண்ணுல படறதுக்குள்ள பெயின்ட் அடிச்சு இவரைக் காப்பாத்துனீங்க. நீங்க ஒரு மாசம் லீவுல போனதும், சமயம் பாத்து காலை வாரிட்டான்."

டிரைவர் வாயைத் திறந்தால் தண்ணீர் குடிக்கத்தான். காலையிலிருந்து இது ஐந்தாவது பாட்டில். டிப்போவில் அவருக்கு 'தண்ணி லாரி' என்றே பெயர்.

மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நுழையும்போதே டிரைவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு," என்றார் டாக்டர். "அதை ஒட்டி ஒரு கட்டி. அபூர்வமா வர்றது. இந்தத் தாகம் அதனாலதான். கண் நரம்பையும் அழுத்துது. எதிர்ல இருக்கறது தெரியும். ரெண்டு ஓரமும் தெரியாது."

"சரியாயிடுமா டாக்டர்?"

"ஆபரேஷன் பண்ணி கட்டியை எடுக்கலாம். ஆனா நரம்பு ரொம்ப நாளா நசுங்கியிருக்கு. போன பார்வை திரும்பறது கஷ்டம். இனிமே பஸ் ஓட்ட முடியாதும்மா."

அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

"இதை முதல்ல கவனிச்சது நாங்க இல்லை. உங்க இன்ஸ்பெக்டர்," என்று டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

அதில் பஸ்ஸின் படம் வரைந்திருந்தது. இடப்பக்கம் இரண்டு கீறல், வலப்பக்கம் இரண்டு. முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை. கீழே எழுதியிருந்தது: 'ஒரே மாதத்தில் நான்கு. எல்லாம் பக்கவாட்டில். இவர் கவனமான ஓட்டுநர். தண்டனை வேண்டாம். பார்வையைப் பரிசோதிக்கவும்.'

பெயின்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் காகிதம் ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். "அதுக்கு முன்னாடி வண்டியில கீறலே விழுந்ததில்லையா?"

டிரைவர் நண்பர் பக்கம் திரும்பவில்லை. "இல்லை டாக்டர். ஒண்ணுகூட இல்லை."

பெயின்டரின் நக இடுக்கில் பஸ்ஸின் நீலம் இன்னும் போகாமல் இருந்தது.

"பத்தொன்பது டாக்டர்," என்றார் அவர். "ஒண்ணு விடாம நான்தான் மறைச்சேன்."