அக்காவின் தூக்கப்பை

மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. தவறு என்னுடையது. இலையுதிர்காலத்தில், ஒழுங்காக இருக்கட்டும் என்று அக்கா சுன்னிவா உள்ளே புகுந்து படுக்கும் இறகுத் தூக்கப்பையை இறுக்கிச் சுருட்டி உறைக்குள் திணித்து வைத்தேன். என்னுடையதைச் சுருட்டச் சோம்பி அலமாரியில் அப்படியே போட்டுவிட்டேன். இப்போது ஒரே மாதிரியான இரண்டு நீலப் பைகளும் ஜன்னல் வெயிலில் தரையில் கிடக்கின்றன. என்னுடையது புளித்த மாவு போல உப்பியிருக்கிறது. மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த அவளுடையது தட்டையாகவே கிடக்கிறது. அக்கா மண்டியிட்டு அதை உதறுகிறாள். உள்ளே இறகுக் கட்டிகள் உருள்கின்றன. நான் அளவுகோலை நிறுத்திப் பார்க்கிறேன். ஏழு சென்டிமீட்டர். காலையிலும் ஏழுதான். ஈஸ்டருக்கு அவள் ஹார்டாங்கர் மலைமேல் பனியில் தனியாகக் கூடாரமடிக்கப் போகிறாள். அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி; உப்பாத பை அந்தக் குளிரைத் தாங்காது. “என்னோடத எடுத்துட்டுப் போக்கா” என்கிறேன். “போடா, உன் கால் நாத்தத்துல யாரு படுப்பா? அளந்தது போதும். அது என்ன புள்ளையா, சுவத்துல நிக்கவச்சு அளக்க?” சிரித்துக்கொண்டே ஆரஞ்சு உரிக்கிறாள். வெயில் பைகளை விட்டு நகர்ந்து, சுவரில் சாய்ந்திருக்கும் பனிச்சறுக்குக் கட்டைகள்மேல் ஏறுகிறது. பைகளின் கழுத்தில் அம்மா தைத்த பெயர்த்துணிகள் தெரிகின்றன. நாளை அக்கா வேலைக்குப் போனதும் என் பையைப் பால்கனியில் காற்றாடப் போட வேண்டும். பிறகு பெயர்த்துணிகளைப் பிரித்து மாற்றித் தைக்க வேண்டும்.