ராம்கி வந்தால்தான் பாட்டு

"இன்னும் எவ்ளோ நேரம்தான் இந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?" என்று கத்தினான் முகேஷ்.

அல்சூரில் ஷோபாவின் வீட்டு ஹால். ஸ்பீக்கர் தயார், சமையலறையில் பிரியாணி தயார். முகேஷும் மகாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். ராம்கியைத்தான் காணோம்.

'ஏழாவது கிராஸ்' என்றால் பெங்களூர்த் தமிழ்ப் பசங்களுக்கு உயிர். அந்த இசைக்குழு தன் இரண்டாவது ஆல்பத்தை அறிவித்தபோது ஷோபா பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் மகள் எல்.கே.ஜி. போகிறாள்.

நடுவில் தீபாவளிக்கு வரும் என்றார்கள், பொங்கலுக்கு வரும் என்றார்கள். டிரம்மர் கோபித்துக்கொண்டு போனார், சமாதானமாகித் திரும்பி வந்தார். மிக்ஸிங் நடக்கிறது என்று மட்டும் நாலு வருஷம் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒரு மேம்பாலமே கட்டியிருக்கலாம்.

ஒருவழியாக நேற்று நள்ளிரவு ஆல்பம் வந்தேவிட்டது.

வந்து என்ன? கேட்க முடியாதே! அன்றைக்கு ஆல்பத்தை அறிவித்த கச்சேரியில், கூட்டத்தின் நடுவில் நின்று, நாலு நண்பர்களும் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். முதல் தடவை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டவர் துரோகி. 'துரோகி' என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னதே முகேஷ்தான்.

ராம்கிக்குப் பொம்மனஹள்ளியில் ஃபேக்டரி வேலை, நைட் ஷிஃப்ட். அவன் முடித்துவிட்டு வரட்டும் என்றுதான் காலை பத்து மணி என்று வைத்தார்கள். இப்போது மணி பன்னிரண்டு.

ஷோபா மறுபடி போன் போட்டாள். நீங்கள் அழைத்தவர் ஸ்விட்ச் ஆஃப் செய்திருக்கிறார் என்று ஒரு அம்மணி கன்னடத்தில் பணிவாகச் சொன்னாள்.

"இத்தனை வருஷம் பேண்டுக்காரங்க காக்க வெச்சாங்க. இப்போ இவன் ஆரம்பிச்சுட்டான். ஒரே பேஜாரா இருக்குடி" என்றாள் ஷோபா.

"ராத்திரி பூரா நெட்டையே ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன் நான். கை எப்படி அரிச்சுது தெரியுமா? தொடலையே!" என்றாள் மகா.

"நான் போனை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்" என்றான் முகேஷ்.

"எனக்கு மட்டும் என்னவாம்? எங்க வீட்டுக்காரர் போட்டுப் பார்க்கலாம்னு எடுத்தார். பிடுங்கி வெச்சுட்டேன்" என்றாள் ஷோபா.

"நாம இவ்ளோ கட்டுப்பாடா இருக்கோம். துரைக்கு ஒரு மெசேஜ் போட முடியல. என்னைக் கேட்டா, அவன் ராத்திரியே ஃபேக்டரில இயர்போன் மாட்டிக்கிட்டு ஆறு தடவை கேட்டிருப்பான். அதான் மூஞ்சி காட்ட வெக்கம்!"

முகேஷ் சொன்னதும் ஷோபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கும், இருக்கும். இல்லாவிட்டால் எதற்கு போனை அணைத்து வைக்க வேண்டும்?

"அப்படிப்பட்டவன் நம்ம குரூப்ல எதுக்கு?" என்றாள்.

"நான்தானே அட்மின். சொல்லு, தூக்கிடறேன்."

"தூக்கு மச்சா" என்றாள் மகா.

ஷோபாவுக்கு ஒரு நொடி மனசு கேட்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள். ராம்கி குரூப்பிலிருந்து நீக்கப்பட்டான்.

"சரி, இப்போ போடு பாட்டை" என்று அவள் சொல்லவும் வாசலில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

ராம்கிதான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

அவன் பதில் சொல்லாமல் பயந்துபோய் ஸ்பீக்கரைப் பார்த்தான். ஒரு காதுப் பஞ்சை மட்டும் லேசாக எடுத்தான்.

"பாட்டு ஓடலையே?"

"ஓடல. உள்ள வந்து தொலை. பஞ்சு எதுக்கு?"

"என்னன்னு சொல்றது, ஷோபா? ஷிஃப்ட்ல பசங்க கேன்டீன்ல போட ஆரம்பிச்சாங்க. சாப்பிடவே போகல. காலைல பஸ்ல ஏறினா, பக்கத்து சீட்டுல ஒருத்தன் போன்ல சத்தமா வெச்சிருக்கான். இறங்கிட்டேன். ஆட்டோ பிடிச்சா டிரைவரு நம்மாளு, அவனும் அதையே போடறான். அதையும் விட்டுட்டு, மெடிக்கல்ல பஞ்சு வாங்கி அடைச்சுக்கிட்டு நடந்தே வந்துட்டேன். போனைத் திறந்தா எவனாவது பாட்டை அனுப்பியிருப்பான்னு அதையும் அணைச்சு வெச்சிருக்கேன்."

"பொம்மனஹள்ளிலேர்ந்தா நடந்தே?"

"சே சே, கோரமங்கலாலேர்ந்துதான். ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும்."

முகேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அவனை அவசரமாகக் குரூப்பில் சேர்த்தான்.

ராம்கி மூவரையும் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதான் பாவம். பாட்டைக் கையில வெச்சுக்கிட்டே எனக்காகக் கேக்காம இருந்தீங்களே! வேற யாராவதா இருந்தா எப்பவோ கேட்டிருப்பாங்க."

"சரி சரி, உக்காரு" என்று தண்ணீரைக் கொடுத்தாள் ஷோபா. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முகேஷ் முதல் பாட்டைப் போட்டான். கிட்டார் மெதுவாகத் தொடங்கியது. ராம்கி கண்ணை மூடிக்கொண்டான்.

கிட்டார் இன்னும் முடியவில்லை. அதற்குள் முகேஷின் உதடு முதல் வரியைச் சத்தமில்லாமல் பாட ஆரம்பித்துவிட்டது.

அடப்பாவி! பீரோவில் பூட்டினேன் என்று என்ன அளப்பு அளந்தான்! கொதித்துப்போன ஷோபா, இந்த அநியாயத்தைக் காட்டலாம் என்று மகா பக்கம் திரும்பினாள்.

மகாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் கண் ஷோபாவின் வாயின்மேல்தான் இருந்தது. அங்கே இரண்டாவது வரியே வந்தாகிவிட்டது.

பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை.