அவற்றை பேர்

உதவிப்பணம் கொடுக்கும் வெல்பெயர் கந்தோரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு நல்ல செய்தி சொன்னதாகச் சரித்திரமில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் ஞானாம்பிகை அலுப்போடுதான் எடுத்தாள்.

"அம்மா, கால் ஏலாதெண்டு காசு எடுக்கிற உங்கட அவர் இண்டைக்கு டொக்டர் சோதனைக்கு வரேல்லை. காசை வெட்டப்போறம்."

"எப்பிடி வாறது? கால் ஏலாட்டி வாய் ஏலும்தானே எண்டு நீங்கள்தான் இண்டைக்கு அவரை உங்கட கந்தோரிலை போன் கதைக்கிற வேலைக்குக் கூப்பிட்டனீங்கள்!"

"அது பதிவிலை இல்லை. அவற்றை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

"கட்டின நாளிலையிருந்து புருசன்ரை பேரை வாயாலை சொன்னதில்லை."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "மேலதிகாரி பக்கத்திலை நிக்கிறா. சொல்லாட்டி என்ரை வேலையும் போயிடும்."

ஞானாம்பிகை சாமிப்படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆனந்தராசா! போதுமே? இஞ்சாருங்கோ, இனி உங்கட காசை நீங்களே வெட்டிப்போட்டு, வீட்டை வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ."