கொப்பரை வழக்கு

சைக்கிள் பேராச்சிக்கு மனசு கல் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவி முழுக்கத் தெரிந்துபோனது. பெயர்தான் அப்படி. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தோல் ஷாப்பு வாசலில் இட்லி அவித்து விற்பவள் அவள். அவளுடைய பித்தளை இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனவன் பக்கத்துச் சந்து இசக்கி. வேலை போய், கைக்குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்தவன். மாகிமில் பழைய பாத்திரக் கடையில் விலை பேசும்போதே பிடித்துவிட்டார்கள். கொப்பரை ஓர் ஓரம் நசுங்கித் திரும்பி வந்தது.

ஊர்ச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் அய்யாத்துரை நல்ல மனிதர். நம்ம ஊர்க்காரனை போலீஸ் ஹவல்தார் கையில் கொடுத்து என்ன லாபம், நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்றார். தண்டனையையும் அவரே சொன்னார். மொட்டை அடித்து, அந்தக் கொப்பரையைத் தலையில் வைத்துத் தெருவெல்லாம் ஒரு சுற்று. பிறகு கோயில் கொடைத் திருவிழா முடியும்வரை கோயில் வாசல் பெருக்க வேண்டும். அதோடு சரி.

இசக்கி தலையாட்டினான். அவன் மனைவி ஆறுமுகத்தாய் குழந்தையும் கையுமாகத் தலைவரைக் கும்பிட்டாள்.

"என்ன, சைக்கிள் பேராச்சி? பொருளு உன்னுது. ஒனக்குச் சம்மதந்தான?" என்று கேட்டார் அய்யாத்துரை.

சம்மதம் என்று சொல்லத்தான் பேராச்சி எழுந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "ஏல கொப்பரை இசக்கி, தலைக்குச் சரியா இருக்குமால?" என்றான். கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் இசக்கியும் சிரித்துவைத்தான்.

பேராச்சி ஆறுமுகத்தாயின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"போலீசுல குடுத்திருங்க."

ஆறுமுகத்தாய் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று பெண்களே பேசினார்கள். அய்யாத்துரைக்கும் கோபம் வந்துவிட்டது.

"நாங்க எல்லாரும் மன்னிக்கோம். ஒனக்கு மட்டும் மனசு வரலியா? பொருளுதான் திரும்பிட்டுல்லா?"

"ஜெயில்ல ரெண்டு மூணு மாசம் போடுவாவ. அந்த மராட்டி ஹவல்தாருக்கு இவன் பேரே வாயில நுழையாது. வெளிய விட்டதும் மறந்துருவாரு."

"அதுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு ஒரு சைக்கிளத் தூக்கிட்டாரு. அன்னைக்கும் இந்தச் சங்கந்தான் போலீசுக்குப் போவாம மன்னிச்சுது. இதே மொட்டை, இதே சுத்து. அவரு செத்தும் போயிட்டாரு. எம் மவளப் பொண்ணு கேட்டு வாரவன்கூட சைக்கிள் வீடு எதுன்னுதான் கேக்கான். இப்ப என்னைய நீங்க என்னன்னு கூப்பிட்டிய?"

பேராச்சி மறுபடி அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

"ஜெயில்காரன் ஒரு நாளு விட்டுருவான், அண்ணாச்சி. நீங்க விடமாட்டியளே."