முழங்கை மடிப்பு

“சித்தி மடின்னாதான் கையைக் காட்டுவேன்” என்று டாக்டர் அறை வாசலிலேயே தகராறு செய்துவிட்டாள் வாலு.

சித்திக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் இனித்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

என்ன கனம்! லீவுக்கு லீவு வந்து பார்ப்பவளுக்கு, ஒவ்வொரு முறையும் வேறொரு குழந்தையைத் தூக்குவது போலத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா விளக்கை அருகில் இழுத்தார். முழங்கை மடிப்பு சிவந்து, தடித்து, வெடித்திருந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் அப்படியே.

“தூக்கத்துலகூட சொறியறா டாக்டர். முட்டையை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன், சோப்பை நிறுத்தினேன். ஒட்டிக்கும்னு ஸ்கூல்ல தனியா உட்கார வைக்கறாங்க” என்று மூச்சுவிடாமல் சொன்னாள் அக்கா.

“எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க, சொறியறதைத் தவிர” என்று டாக்டரம்மா சிரித்தார்.

அதற்குள் வாலுவின் விரல்கள் மடிப்புக்குப் போய்விட்டன.

“சொறியாதேடி!”

அதட்டியது அக்கா. சித்தி தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டாள். அதட்டினால் அரிப்பு கேட்காது. அழுத்தினால் கொஞ்சம் அடங்கும்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது, உனக்கு எப்படித் தெரியும் என்பது போல.

“எக்ஸிமா மாதிரிதான் தெரியுது. அப்படின்னா யாருக்கும் ஒட்டாது. வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டி, ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் தடவினா போதும். ஆனா ஓரத்தைப் பார்த்தா, பூஞ்சையா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். பூஞ்சைன்னா மருந்தே வேற.” டாக்டரம்மா யோசித்தார். “அம்மா, அப்பா யாருக்காவது எக்ஸிமா, ஆஸ்துமா உண்டா? இருந்தா பாதி சந்தேகம் தீர்ந்துடும். இல்லேன்னா தோலைக் கொஞ்சம் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பிடலாம்.”

சுரண்டி என்றதும் வாலு வீறிட்டு, சித்தியின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் அதெல்லாம் கிடையாது டாக்டர்” என்றாள் அக்கா.

“எனக்கு இருக்கு.” சித்தி சொல்லிவிட்டாள். “சின்ன வயசுலேர்ந்து. இதே இடத்துல.”

“நீங்க சித்திதானே? அதை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. பெத்தவங்களைத்தான் கேட்டேன்.”

அதற்குமேல் ஒரு சொல் கிடையாது என்பது சித்தி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு.

குழந்தையின் அழுகை அவள் தோளை நனைத்தது.

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

“டாக்டர்…” அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “அவளுக்கு இருக்கறதையே அம்மாவுக்கு இருக்கறதா எடுத்துக்குங்க.”

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சுரண்ட மாட்டாங்கல்ல, சித்தி?”

மாட்டார்கள் என்று தலையாட்டத்தான் முடிந்தது.

கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பயந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

வாலு மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். ஜன்னலை நோக்கி ஓடினாள்.

“அம்மா, வீட்டுக்குப் போலாமா?”