கூட வருகிறவள்

வடிவைப் பெற்ற கையோடு அவள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அதனாலேயே தலைப்பிள்ளை உண்டானதும் புருஷன் மாரியப்பன் அவளை டவுனில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கூட்டிப்போனான். டாக்டர் நல்லவர்தான். ஆனால் வாசலில் அத்தனை பேர் காத்திருக்கையில், வடிவு கேட்க நினைத்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம் தடுப்பூசி போட ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே பிரசவம் பார்க்கும் மெகர் அக்கா, வயிற்றில் கை வைக்குமுன் உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டாள். அந்தச் சூடு பட்டதும் வடிவு கேட்டுவிட்டாள்.

"அக்கா, நானும் எங்கம்மா மாதிரி போயிருவேனா?"

மெகர் சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"அப்படி யாரையும் விட்ரக் கூடாதுன்னுதான் மாசாமாசம் பாக்கேன். என் கைக்கு மீறிச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போவேன். வண்டில உன் பக்கத்துலயே இருப்பேன். பிள்ளை அழுத பெறவுதான் வீட்டுக்குப் போவேன்."

வெளியே பைக்கோடு நின்ற மாரியப்பனிடம், "நான் இந்த அக்காகிட்டயே பாத்துக்கிடுதேன்" என்றாள் வடிவு. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று மத்தியானம் வடிவு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.