டெல்லிக்கு ஒரு மனு

பூங்கோதையின் கணவனை இழுத்துப் போனவர்கள் மாநிலத்தை ஆளும் கட்சிக்காரர்கள். உள்ளூரில் எந்த அலுவலகமும் அவள் மனுவை வாங்கவில்லை. மிச்சமிருந்தது டெல்லி. புது உள்துறை மந்திரி யாரென்று தெரியட்டும் என்று, மனு தட்டச்சு செய்யும் வேதநாயகம் பெறுநர் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

இன்று டீக்கடைத் தொலைக்காட்சியில் பதவியேற்பு. மாநிலத்தை ஆளும் அந்தக் கட்சியின் ஒன்பது எம்.பி.க்கள் இல்லாமல் மத்திய அரசு நிற்காது. உள்துறை அவர்கள் தலைவருக்கு. தெருவெல்லாம் வெடி.

"இனி டெல்லியே நம்மளக் கேட்டுத்தான் மூச்சு விடும். எடுத்துக்கங்கய்யா," என்று டீக்கடைக்காரர் லட்டு நீட்டினார். வேதநாயகம் வாங்கிக்கொண்டு பூங்கோதையைப் பார்த்தார்.

"என்னம்மா செய்ய?"

"அவர் பேருக்கே அடிங்கய்யா," என்றாள். "இழுத்துட்டுப் போனாங்கங்கறத மட்டும் எடுத்துட்டு, கூட்டிட்டுப் போனாங்கன்னு போடுங்க."